கர்லாக்கட்டையின் கடற்பயணம்



உடலை உரமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பதினாறு, பதினேழு வயதில் யாவருக்கும் ஒருமுறை வந்தே தீரும். ஆசை வந்த மறுகணமே தடையும் வந்து எதிரில் நிற்கும். இரும்புக் குண்டுகள் வாங்கப் பணம் வேண்டும்; அவற்றை வைக்க இடம் வேண்டும்; உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் சேர்வதென்றால் மாதந்தோறும் கட்டணம் வேண்டும். இவை வாய்க்காதவன் வலிமைக்கு உரியவன் அல்லனோ என்ற ஐயம் பல இளைஞர்களின் உள்ளத்தில் எழுந்து, எழுந்த இடத்திலேயே அவர்களை உட்கார வைத்துவிடுகிறது. இவ்வையத்திற்கு வரலாறு என்ன விடை கூறுகிறது என்று காண்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம். அதற்கு அரசர்களின் கதை எதுவும் எனக்கு வேண்டியதில்லை. ஒரு மரக்கட்டையின் கதை போதும்.

கர்லாக்கட்டையை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அடி பருத்து, மேலே செல்லச் செல்ல ஒடுங்கி, கைப்பிடியில் முடியும் கட்டை அது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இத்தகைய கட்டை ஒன்று கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். அவ்வீட்டுப் பெரியவர் சிலம்பக்கூடத்தில் பழகியவர். அவருடைய பேரப்பிள்ளைகளோ அக்கட்டையைக் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுக்கும் பொருளாகவே அறிந்திருந்தார்கள். கடல் கடந்து பெரும்புகழ் எய்திய கருவி பிறந்த வீட்டில் கதவுக்கு முட்டாக நிற்பது வரலாற்றில் புதுமையன்று.

அக்கட்டையைச் சுழற்றுவோர் அதனைத் தோளுக்கு மேலே தூக்கி, முதுகுப்புறம் இறக்கி, ஊசலைப்போல் ஆடவிட்டு, மீண்டும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவர். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் அருமை தெரியும். கட்டையின் பாரம் கையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருப்பதால், நெம்புகோல் தத்துவத்தின்படி, சிறிய எடையும் பெரிய எடைபோல் கையை இழுக்கிறது. மேலும், சுழலத் தொடங்கிய கட்டை தானாக நிற்பதில்லை; அதை நிறுத்துவதற்கும் தசை உழைக்க வேண்டும். இரும்புக் குண்டை நேராகத் தூக்கி நேராக இறக்குபவனுக்கு ஒரு திசையில்தான் வேலை. கட்டையைச் சுழற்றுபவனுக்குத் தோள்மூட்டு எத்தனை திசையில் திரும்புமோ அத்தனை திசையிலும் வேலை. இரண்டு கிலோ எடையுள்ள கட்டை, பத்துக் கிலோ குண்டைத் தூக்கும் இளைஞனையும் தடுமாறச் செய்வதன் காரணம் இதுவே.

இக்கருவி எப்போது தோன்றியது? ஆண்டு குறித்துச் சொல்ல இயலாத தொன்மை அதற்குண்டு. ஆனால் பயிற்சி முறைகளைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் நம் நாட்டில் நிரம்ப உள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூலில் மல்லர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அவர்கள் எவ்வாறு உண்ண வேண்டும், எவ்வாறு பழக வேண்டும் என்பன அதில் விரிவாகக் கூறப்படுகின்றன. கம்பத்தில் ஏறிச் செய்யும் மல்லர்கம்பப் பயிற்சியின் பழைய வடிவமும் அந்நூலில் காணப்படுவதாக அறிஞர் கூறுவர். அரசன் எழுதிய நூல்தான். ஆயினும் அதில் பேசப்படும் கருவிகளுள் மண்ணும் மரமுமே மிகுதி என்பது கவனிக்கத்தக்கது.

அதற்கும் முற்பட்ட சுசுருத சம்ஹிதை என்ற மருத்துவ நூல், உடற்பயிற்சியைத் தன் ஆற்றலில் பாதி அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று விதிக்கிறது. பாதி என்பதை எவ்வாறு அறிவது? மூச்சு மூக்கை விட்டு வாய்க்கு வரத் தொடங்கும்போது பாதி ஆற்றல் செலவாயிற்று என்று கொள்ளலாமாம். தராசும் கடிகாரமும் இல்லாத காலத்தில் உடம்பையே அளவுகோலாக்கிய நுட்பம் எனக்குப் பெருவியப்பைத் தருகிறது. கோதாவில் இறங்கிய பயில்வான்கள் இந்த விதியைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கவில்லை என்பது வேறு செய்தி!

வடநாட்டில் இக்கட்டையை முக்தர் என்றும், இரட்டையாக வைத்துச் சுழற்றும்போது ஜோடி என்றும் வழங்குவர். காசியில் நாகபஞ்சமி அன்று ஜோடி சுழற்றும் போட்டிகள் நடப்பது பழைய வழக்கம். பாரசீகத்திலும் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அங்கு ‘ஸூர்கானே’ எனப்படும் பயிற்சிக் கூடங்களில் வீரர்கள் குழியில் இறங்கி நின்று, பறையொலிக்கும் பாட்டிற்கும் ஏற்ப ‘மீல்’ என்ற கட்டைகளைச் சுழற்றுவர். ஸூர்கானே என்றால் வலிமையின் இல்லம் என்பது பொருள். இம்மரபினை 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

தமிழகத்தில் கட்டையோடு கல்லும் இவ்விடத்தைப் பெற்றது. தென்மாவட்டத்துச் சிற்றூர்களில் உருண்டையாகச் செதுக்கப்பட்ட கல் ஒன்று ஊர்ப் பொதுவிடத்தில் கிடக்கும். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். குந்தி அமர்ந்து, கல்லைக் கையால் அணைத்து, முழங்காலுக்கும் தொடைக்கும் உயர்த்தி, மார்போடு சேர்த்து எழுந்து, தோளுக்கு ஏற்றிப் பின்புறம் போட வேண்டும். வழவழப்பான அக்கல்லில் பிடி கிடையாது. அதனால் எடையைவிட அதைப் பற்றுவதே கடினம். கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பது என்ற வழக்கம் இருந்ததாகக் கூறுவர். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது இளவட்டக்கல் தூக்கும் போட்டி அண்மைக்காலத்திலும் நடந்து வந்திருக்கிறது. பெண்களும் அதில் கலந்துகொண்டிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் ஒரே கல், கட்டணம் இல்லை, காவலும் இல்லை. கிரேக்க நாட்டு ஒலிம்பியாவிலும் இத்தகைய கல் ஒன்று கிடைத்திருக்கிறது. சுமார் 143 கிலோ எடையுள்ள அக்கல்லில், பைபோன் என்பவன் அதனை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கியதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் எழுத்து அது. உண்மையோ, பெருமைப் பேச்சோ, யாரறிவார்!

உருசிய நாட்டில் தானியச் சந்தைகளில் எடைக்கல்லாகப் பயன்பட்ட கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, வேலை ஓய்ந்த நேரத்தில் விளையாட்டுப் பொருளாயிற்று. அதன் எடையை ‘பூத்’ என்ற அளவில்தான் கூறுவர். ஒரு பூத் பதினாறு கிலோவிற்குச் சற்று மேல். நம் வீட்டிலும் இதற்கு நிகரானவை இல்லாமலில்லை. உலக்கையும் ஆட்டுக்கல் குழவியும் அம்மியும் தலைமுறை தலைமுறையாக நம் பெண்களின் தோளையும் முதுகையும் வலிமை செய்தன. ஆனால் அதை உடற்பயிற்சி என்று ஒருவரும் அழைக்கவில்லை. வேலை என்று அழைத்தார்கள். ஆண் கட்டையைச் சுழற்றினால் அது கலை, பெண் உலக்கையை ஓங்கினால் அது கடமை என்று பிரித்த நம் முன்னோரின் கணக்கு எனக்கு உடன்பாடில்லை.

இனி, ஐரோப்பியரின் பக்கம் சற்றுத் திரும்புவோம். ‘டம்பெல்’ என்ற சொல்லை நீங்கள் அறிவீர்கள். அதற்கு ஊமை மணி என்று பொருள். மாதா கோயில் மணியை இழுக்கும் பயிற்சிக்காகவும் உடற்பயிற்சிக்காகவும், மணி இல்லாமல் கயிறும் பாரமும் மட்டும் பொருத்திய பொறி ஒன்றை இங்கிலாந்தில் வைத்திருந்தனர்; ஓசை எழாத மணி ஆதலால் அப்பெயர். கட்டுரையாசிரியர் ஜோசப் அடிசன் 1711-ஆம் ஆண்டில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில், தம் அறையின் மூலையில் வைத்த ஊமை மணியைக் காலைதோறும் ஒரு மணி நேரம் இழுப்பதைப் பற்றி நகைச்சுவையோடு எழுதினார். இளமையில், இரு முனையிலும் ஈயம் பொதிந்த குறுந்தடிகளைக் கையில் ஏந்தி, எதிராளி இல்லாமல் தம் நிழலோடு போரிட்டதையும் அதிலேயே குறிப்பிடுகிறார். எழுதிப் பிழைக்கும் மனிதர் ஒருவர், வாடகை அறையில், தம் உடலைக் காத்துக்கொண்ட வகை இது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1772-இல் தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், டம்பெல்லை நாற்பது முறை வீசியதில் தம் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு அறுபதிலிருந்து நூறாக உயர்ந்தது என்று கணக்கிட்டுக் கூறுகிறார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

இப்படி அறைக்குள் பயிற்சி செய்து பழகிய இங்கிலாந்தில்தான் நம் கர்லாக்கட்டை போய் இறங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் இங்குள்ள சிப்பாய்களும் பயில்வான்களும் கட்டை சுழற்றுவதைக் கண்டனர். அகன்ற மார்பும் வளைந்து கொடுக்கும் தோளும் அப்பயிற்சியின் விளைவு என்று உணர்ந்தனர். சில ஆண்டுகளில் ஆங்கிலப் படையின் பயிற்சித் திட்டத்தில் அது இடம்பெற்றது. 1834-இல் டொனால்டு வாக்கர் என்பவர் வெளியிட்ட உடற்பயிற்சி நூல் இதனைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. படையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பகுதியைவிட, இந்தியரிடமிருந்து புதிதாகக் கற்ற பகுதியே அழகு மிக்கது என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே மகளிருக்கென ஒரு நூலையும் எழுதி, சிறிய கட்டைகளுக்குச் ‘செங்கோல்’ என்று பெயர் சூட்டினார். ‘இந்தியக் கட்டை’ என்பதே ஆங்கிலத்தில் இக்கருவியின் நிலைத்த பெயராயிற்று.

அங்கிருந்து அமெரிக்கா. நியூயார்க்கைச் சேர்ந்த சிம் கெஹோ என்பவர் 1861-இல் இங்கிலாந்து சென்றபோது, ஹாரிசன் என்ற ஆசிரியர் பெருங்கட்டைகளைச் சுழற்றுவதைக் கண்டு வியந்தார். ஹாரிசனின் கட்டைகளுள் ஒன்று நாற்பத்தேழு பவுண்டு எடை உடையது. கெஹோ ஊர் திரும்பிக் கட்டைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். 1866-இல் படங்களோடு கூடிய நூல் ஒன்றையும் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் தயோ லூயிஸ் என்ற மருத்துவர், இரும்பை ஒதுக்கி, மரக் குண்டுகளையும் மர வளையங்களையும் பயறு நிரப்பிய துணிப் பைகளையும் கொண்டு சிறுவர், சிறுமியர், பெண்டிர் யாவர்க்குமான பயிற்சி முறை ஒன்றை வகுத்து, 1862-இல் நூலாக்கினார். பயறு நிரப்பிய பை! அதற்கு மிஞ்சிய எளிய கருவி ஏது?

இவ்வளவும் நிகழ்ந்த காலத்தில் கட்டை பிறந்த நாட்டின் நிலை என்ன? இதைக் கூறும்போதுதான் என் உள்ளம் சற்றுச் சூடேறுகிறது. 1841-இல் வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையில் மெக்காலே பிரபு, வங்காளிகளை உடல் வலுவற்றவர் என்றும் கோழைகள் என்றும் இழித்துரைத்தார். எந்த நாட்டின் கட்டையைச் சுழற்றி ஆங்கிலப் படைவீரன் தன் தோளை வளர்த்தானோ, அந்த நாட்டு மக்களே பிறவியில் மெலிந்தவர் என்ற பட்டம் பெற்றனர். நம்மவர் பலரும் அதை நம்பினர். ஒரு மக்களை அடிமை கொள்வதற்கு, அவர்கள் உடலைப் பற்றியே அவர்களுக்கு வெட்கம் உண்டாக்குவதைவிடக் கூரிய கருவி வேறில்லை.

இதற்கு எழுந்த மறுமொழியும் வங்காளத்திலிருந்தே வந்தது. 1867-இல் நவகோபால் மித்திரர் முதலியோர் தொடங்கிய ஹிந்து மேளாவில் மல்யுத்தமும் உடற்பயிற்சியும் சிறப்பிடம் பெற்றன. 1902-இல் கல்கத்தாவில் தோன்றிய அனுசீலன் சமிதி, வெளிப்பார்வைக்கு இளைஞர்கள் தண்டால் எடுத்து, சிலம்பம் பழகும் கூடமே. உள்ளே கனன்றது வேறு நெருப்பு. விரைவிலேயே ஆட்சியாளர் அதை உணர்ந்தனர். டாக்கா அனுசீலன் சமிதி 1909-இல் தடை செய்யப்பட்டது. தண்டால் எடுக்கும் இளைஞனைக் கண்டு ஒரு பேரரசு அஞ்சியது என்பது மிகைக்கூற்று அன்று.

1910-இல் காமா பயில்வான் இலண்டனுக்குச் சென்றார். ஐந்தடி ஏழங்குல உயரமே உள்ளவர் என்பதால் அங்கு நடந்த போட்டியில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் அறைகூவல் விடுத்தார். அமெரிக்கர் ரோலரை வென்றார். அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், போலந்து நாட்டுப் பெருவீரர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் தரையோடு தரையாகப் படுத்தே காலம் கடத்தினார். இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் முடிவு ஏற்படவில்லை. அடுத்த வாரம் மறுபோட்டி என்று அறிவித்தார்கள். அன்று ஸ்பிஸ்கோ வரவேயில்லை. பின்னர் 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, ஒரு நிமிடத்திற்குள் காமா வென்றார். இத்தகைய வீரரின் கருவிகள் யாவை? தண்டால், பஸ்கி, கட்டை, கோதாவின் மண், கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி போடுவதற்கான ஒரு கனத்த வட்டக் கல். 95 கிலோ எடையுள்ளதாகக் கூறப்படும் அக்கல் பாட்டியாலாவின் விளையாட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

இதற்கிடையில் மேனாட்டிலிருந்து வேறொரு காற்று வீசிற்று. பிரஷ்ய நாட்டில் 1867-இல் பிறந்த யூஜின் சாண்டோ, தம் உடலழகைக் காட்டியே உலகப் புகழ் பெற்றார். வில் பொருத்திய டம்பெல்களை விற்றார். அஞ்சல் வழிப் பாடங்களையும் நடத்தினார். 1904, 1905-ஆம் ஆண்டுகளில் அவர் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் தமிழில் ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரைச் சாண்டோ சின்னப்பா தேவர் என்று நாடு அழைத்ததை உங்கள் வீட்டுப் பெரியோர் அறிவர். பெங்களூரில் கே. வி. ஐயர், மேனாட்டு முறையையும் யோகாசனத்தையும் சூரிய நமஸ்காரத்தையும் இணைத்துக் கற்பித்து, அஞ்சல் வழியாகவும் மாணவர்களைப் பயிற்றினார். சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் உடற்கல்விக் கல்லூரி ஒன்றை நிறுவினார். ஆசியாவிலேயே இத்துறைக்கென எழுந்த முதற்கல்லூரி அது என்பர். பள்ளிகளில் வெள்ளைச் சீருடையோடு வரிசையாக நின்று பிள்ளைகள் கட்டை சுழற்றும் காட்சியும் நாட்டில் பரவிற்று. நம் கட்டை, ஆங்கிலக் கட்டளைச் சொல்லோடு, நமக்கே பாடமாகத் திரும்பி வந்தது!

கருவியே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்பீராயின், மனோகர் ஐச் அவர்களின் வாழ்க்கையை நினைவூட்டுவேன். 1912-இல் வங்காளத்தில் பிறந்தவர். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. ஆங்கிலேயரின் விமானப்படையில் பணிபுரிந்தபோது, ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டார். சிறையில் குண்டுகள் ஏது? கைகால்களும் தரையும் சுவருமே கருவியாக, நாளில் பல மணி நேரம் பயின்றதாக அவரே பிற்காலத்தில் கூறினார். நாடு விடுதலை பெற்றபின் வெளிவந்தவர், 1952-இல் இலண்டனில் தம் உயரப் பிரிவில் உலக ஆணழகர் பட்டத்தை வென்றார். நூற்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 2016-இல் மறைந்தார். அடக்குவதற்காக அடைத்த அறையையே அவர் தம் பயிற்சிக் கூடமாக்கிக்கொண்டார்.

நம் கட்டையின் கதையில் இன்னும் ஒரு கட்டம் உண்டு. 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதலும் ஒரு போட்டியாக இருந்தது. அமெரிக்கர் எட்வர்டு ஹென்னிக் வென்றார். பிறகு பல ஆண்டுகள் அது இடம்பெறவில்லை. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மீண்டும் சேர்த்தார்கள். உலகெங்கும் பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய நேரம் அது. அப்போட்டியில் வென்று தங்கப் பதக்கம் பெற்ற ஜார்ஜ் ராத், வேலையில்லாத இளைஞர். பெருங்கூட்டத்தின் நடுவில் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டவர், அரங்கை விட்டு வெளியே நடந்து, சாலையில் போகும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, பிறர் தயவில் ஏறிக்கொண்டு வீடு சேர்ந்தார். அவருக்குப்பின் ஒலிம்பிக்கில் அப்போட்டி நடைபெறவேயில்லை.

ஆயினும் கட்டை முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1984-இல் அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மகளிருக்கான தாளலயச் சீருடற்பயிற்சி முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது, வளையம், பந்து, நாடா ஆகியவற்றோடு ஒரு ஜோடிக் கட்டையும் அரங்கேறிற்று. இசைக்கேற்பச் சுழன்று, காற்றில் பறந்து, நங்கையரின் கையில் வந்து விழும் அக்கட்டைக்கு விதிக்கப்பட்ட எடை நூற்றைம்பது கிராம். காசியில் நாகபஞ்சமியன்று ஜோடி தூக்கிய பயில்வான் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால், என்ன சொல்லிச் சிரித்திருப்பாரோ!